பெத்ரா சாகடிச்ச பொண்ணு

நயெலியச் சாகடிச்சது வேற யாரும் இல்ல, ஞானஸ்நானத்தப்போ அவளக் கையில ஏந்தி நின்ன ஞானத்தாய் பெத்ராவேதான். அதுவும் கிறிஸ்மஸுக்குச் சோளமட்டையில மாவும் கறியும் பொதிஞ்சு அவிக்கிற தமாலே வேலை நடக்குற வாரத்துல. தெருவே சோளமாவும் பன்னிக்கொழுப்பும் மொளகாயுமா மணந்துக்கிட்டு இருக்கு. வாசல்ல வந்து நின்ன கோட்டுக்காரம்மாகிட்ட, தன் நெத்தியில சிலுவை போட்டு, முந்தானை மாதிரி ஏப்ரன் நுனியால கண்ணத் தொடச்சு, "ஐயோ, அந்தப் பிள்ளையா? பாவம், அது போயி ரெண்டு வருஷம் ஆச்சே"ன்னு சொல்லிட்டா.

அந்த நேரத்துல நயெலி காலேஜ்ல உக்காந்து பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தா.

பெத்ராவ மட்டும் குத்தம் சொல்லக் கூடாது. டெக்சாஸ் எல்லையோரக் குடியிருப்பு எங்க கொலோனியா மெஸ்கிதால். அங்க கோட்டு போட்டுக்கிட்டு வந்தவங்க யாரும் இதுவரைக்கும் நல்ல சேதி கொண்டு வந்ததில்ல. ஒண்ணு வீட்டக் காலி பண்ணச் சொல்ற ஆளு, இல்ல தவணை கட்டாத வண்டிய இழுத்துட்டுப் போற ஆளு, இல்ல இந்த நாட்டுல இருக்கப் பேப்பர் இருக்கான்னு கேக்குற ஆளு. இப்ப முக்காவாசி வீட்டுல பேப்பர் இருக்கு. இருந்தா என்ன, பழக்கம் போயிடுமா? வெளியாளு வந்து ஒரு பேரச் சொல்லி இவங்க இருக்காங்களான்னு கேட்டா, பதில் யோசிச்சு வராது, தும்மல் மாதிரி வரும். "தெரியாது." அத யாரும் பொய்னே நெனைக்கிறதில்ல. பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்யுற மொத உபகாரம் அது.

வந்தவ பேரு மிஸஸ் டில்லரி. வடக்கேருந்து வந்த வெள்ளைக்காரம்மா, ஒசரமா, சாம்பக் கலர் கோட்டு, கழுத்துல அரசாங்கத்துக் கழுகு படம் போட்ட அட்டை. ஸ்பானிஷ் பேசினா, ஆனா புஸ்தகத்துல படிச்ச ஸ்பானிஷ். மொதல்ல டான் பெனிதோவோட டயர் கடையிலதான் நின்னா. எங்க பக்கம் பெரியவங்கள மரியாதையா டான்னுதான் கூப்பிடுவாங்க.

"ஐயா, வணக்கம். செல்வி நயெலி எஸ்கமில்லா என்பவரைத் தாங்கள் அறிவீர்களா?"

பெனிதோ டியூப்ப தண்ணித் தொட்டியில முக்கி ஓட்டை தேடிக்கிட்டு இருந்தாரு. தலையத் தூக்கல. கோர்ட்டுல சம்மன் படிக்கிற மாதிரி ஒரு குரல் கேட்டா எவன் தூக்குவான்?

"எஸ்கமில்லாவா? கால்வாய்க்கு அந்தப் பக்கம் நெறைய பேரு இருக்காங்க. அங்க போயி கேளுங்க."

கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிரேப்ஃப்ரூட் தோட்டமும் அதுல கத்துற காட்டுக்கோழியும்தான் இருக்கு. அந்தம்மா வெள்ளைக் கார சேத்துல ஓட்டி, மாட்டி, தள்ளி, திரும்பி வந்தா. அடுத்து தட்டினது நயெலி வீட்டுக் கதவையே.

தெறந்தது சேலோ. நயெலியோட அம்மா, முழுப்பேரு கொன்சுவேலோ. முழங்கை வரைக்கும் சோளமாவு. அப்பத்தான் மாவுல கொழுப்பு சேத்து அடிச்சு, ஒரு உருண்டையக் கிள்ளி டம்ளர் தண்ணியில போட்டுப் பாத்தா, முங்கிடுச்சு. மெதக்குற வரைக்கும் அடிக்கணும். அந்தக் கடுப்புல கதவத் தெறந்தவ, கழுகு படத்தப் பாத்தா. கதவப் பாதியிலயே புடிச்சுக்கிட்டா.

"இவ்வில்லத்தில் நயெலி எஸ்கமில்லா வசிக்கிறாரா?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே"ன்னா சேலோ.

அதுக்கப்புறம்தான் மூணாவது வீடு. பெத்ரா வீடு.

விஷயம் என்னன்னா, நயெலி படிக்கிறது சைபர் பாதுகாப்பு. கம்ப்யூட்டருக்குள்ள பூந்து திருடுறவன வாசல்லயே மறிக்கிற படிப்பு. எங்க பக்கத்துக் காலேஜ்ல யாரத் திரும்பிப் பாத்தாலும் மெக்சிகோக்கார வீட்டுப் பிள்ளைங்கதான். அந்த மாதிரிக் காலேஜுங்களுக்குன்னே வாஷிங்டன்லேருந்து பணம் வந்துச்சு. புது லேப், புது மெஷின், மே மாச வெயில்லயும் ஸ்வெட்டர் கேக்குற ஏசி, அதோட படிக்கிற பிள்ளைங்களுக்கு ஃபீஸ், புஸ்தகம், கைச்செலவு எல்லாம். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. எத்தன வருஷம் அவங்க காசுல படிச்சியோ அத்தன வருஷம் அரசாங்கத்துக்கு வேலை பாக்கணும். நயெலிக்கு வர்ற கோடைக்கு சான் அன்டோனியோவுல எடம் ரெடி. ஆனா அது அரசாங்க ரகசியத்தப் பாதுகாக்குற எடம். ஆளப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்காம உள்ள விட மாட்டாங்க. விசாரணையில தேறலேன்னா எடம் போச்சு. எடம் போனா அம்புட்டு ஸ்காலர்ஷிப்பும் கடனா மாறித் தலையில உக்காந்துக்கும்.

அவங்க வாத்தியார் பேரு சாயென்ஸ். அவரு வகுப்புல தெளிவாச் சொல்லியிருந்தாரு. "சொல்லிக்குடுத்த பதில அவங்க மோப்பம் புடிச்சிடுவாங்க. வீட்டுல, தெருவுல யாருக்கும் பாடம் எடுக்காதீங்க. எல்லாரையும் இயல்பா இருக்க விடுங்க."

நயெலி சொன்ன பேச்சக் கேக்குற பொண்ணு. இயல்பா இருக்க விட்டா.

பரீட்சை முடிஞ்சு வெளிய வந்ததும் சாயென்ஸ் அவளத் தனியாக் கூப்பிட்டு, "நயெலி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. விசாரிக்க வந்தவங்க போன் பண்ணாங்க. நீ செத்துட்டியாம்"ன்னாரு.

வீட்டுக்கு வந்தப்போ பானை அடுப்புல ஏறியாச்சு. அடியில போட்ட சில்லறைக்காசு தண்ணி கொதியில கடகடன்னு ஆடுது. அந்தச் சத்தம் நின்னா தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தம். நயெலி பையத் தூக்கிக் கட்டில்ல எறிஞ்சுட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு அடுக்களைக்குள்ள வந்தா.

"அம்மா!"

சேலோ மொகத்தப் பாத்ததும் கரண்டியக் குறுக்க நீட்டிட்டா. "நில்லு. கோவமா இருக்கியா?"

"ஆமா!"

"அப்ப வெளிய போ. பானை முன்னாடி கோவப்படாத. உள்ள ஒண்ணு வேகாது."

தமாலே வேகும்போது வீட்டுக்குள்ள ஒருத்தர் கோவமா இருந்தா, நாள் பூரா எரிச்சாலும் அது பச்சையாவே கெடக்கும். இது எங்க பக்கம் பச்சப்பிள்ளைக்கும் தெரியும். டாக்டருக்குப் படிச்சவங்ககூட பானையப் பாத்தா கோவத்த வாசல்ல செருப்போட விட்டுட்டுத்தான் வருவாங்க. நயெலியும் மறுபேச்சு பேசாம கொல்லைக்கு நடந்தா. பின்னாடியே சேலோவும். வாடைக்காத்து அப்பத்தான் எறங்குது, துணியெல்லாம் கொடியில பறக்குது.

"இன்னிக்கு யாரும்மா வந்தா?"

"ஒரு கோட்டு வந்துச்சு."

"நீ என்ன சொன்ன?"

சேலோ ஒரு சட்டையப் புடிச்சு இல்லாத சுருக்கத்த நீவினா. "அப்படி யாரும் இல்லேன்னேன்."

"அம்மா! உனக்குப் பின்னாடி செவுத்துல என் ஸ்கூல் பட்டமளிப்பு போட்டோ இருக்கு. கண்ணாடி போட்டு, லைட்டு போட்டு!"

"கதவப் பாதிதான்டி தெறந்தேன்."

"நான் உன் பொண்ணும்மா!"

"அதனாலதான் சொன்னேன்! அடுத்த வீட்டுப் பொண்ணுன்னா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்." சேலோ கொரல் ஒடஞ்சிடுச்சு. ஒடனே நிமுந்துக்கிட்டா. "நீதானே சொல்லிக்குடுத்த? பேங்க்லேருந்து பேசுறேன்னு ஒருத்தன் போன் பண்ணப்போ நம்ம நாயி பேரச் சொல்லிட்டேன்னு அன்னிக்கு என்ன குதி குதிச்ச! யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத, பேரக்கூடச் சொல்லாத, திருடன் நல்லவன் மாதிரிதான் வருவான்னு. நான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்."

நயெலி குடுத்த பாடத்துல அம்மா பாஸாயிட்டா, அதான் பிரச்சனை. அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு, அது பாதியில அழுகையாயிடுச்சு. "அந்தம்மா என்னை விசாரிக்கத்தான்மா வந்தது. வேலைக்கு. நாளைக்கு முடிச்சிட்டு ஊருக்குப் போயிடும். அந்தத் தெருவுல இப்படி ஒரு பொண்ணே இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டா, அவ்வளவுதான், எல்லாம் போச்சு."

சேலோ நீவின சட்டையையே கசக்கிட்டா. காலையில அந்த வார்த்தையத் தன் வாயாலயே சொன்னவ அவதானே.

அந்த நேரம் பாத்து வேலி ஓரமா பெத்ரா வந்தா. இடுப்புல அண்டா, அண்டா நெறைய ஊறவச்ச சோளமட்டை, மொகத்துல ஒரு வெற்றிச் சிரிப்பு.

"கொமாத்ரே, விஷயம் தெரியுமா? உன் மகள இன்னிக்கு நான்தான் காப்பாத்தினேன்."

ஒரே குழந்தைக்கு ஒருத்தி பெத்தவ, ஒருத்தி ஞானத்தாய்ன்னா ரெண்டு பேரும் கொமாத்ரே, கூடப்பொறந்தவளுக்கும் ஒரு படி மேல.

"நீங்கள்லாம் இல்ல, தெரியாதுன்னு சொல்லி அனுப்புவீங்க. அவ நாளைக்குத் திரும்பி வருவா. நான் ஒரேயடியா அடைச்சிட்டேன். செத்துட்டான்னுட்டேன். செத்தவள யாரு தேடுவா?"

"என்ன நோயாம் ஞானம்மா எனக்கு?"ன்னா நயெலி.

"நோயெல்லாம் சொல்லல. கண்ணத் தொடச்சேன், அந்தம்மாவே தலையக் குனிஞ்சுக்கிச்சு. நல்ல மனசு, கோட்டுக்குள்ள." அப்பத்தான் பெத்ரா ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தா. "என்ன? ஏன் இப்படி நிக்கிறீங்க?"

நயெலி விஷயத்தச் சொல்லச் சொல்ல, பெத்ரா அண்டாவ எறக்கி வச்சு, கவுத்துன வாளி மேல மெதுவா உக்காந்தா. அறுபத்தேழு வயசுல அந்தப் பொம்பளை வாயடைச்சு உக்காந்து யாரும் பாத்ததில்ல.

"அப்ப நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?"

"என்னைக் கொன்னு வச்சிருக்கீங்க."

பெத்ரா முழங்கால்ல கைய ஊனி எந்திரிச்சா. "சரி, உயிர்த்தெழ வைப்போம். நம்ம வேதத்துல அது என்ன புதுசா? போனப் போடு."

மிஸஸ் டில்லரி மறுநாள் மத்தியானம் வர்றதா ஒத்துக்கிட்டா. கொரல்ல ஒண்ணும் தெரியல. சாயங்காலமே நயெலி தெருவுல எல்லார்கிட்டயும் போயி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா: என்ன கேட்டாலும் உண்மையச் சொல்லுங்க. அதுக்கு மேல சொன்னா பாடம் எடுத்த மாதிரி ஆயிடும்.

டயர் கடையில பெனிதோ தாடையச் சொறிஞ்சாரு. "எவ்வளவு உண்மை, மிஹா, என் மகளே? கொஞ்சமாவா, பூராவுமா?"

"பூராவும், டான் பெனிதோ."

"ம்ம். அது யோசிக்க வேண்டிய விஷயம்."

மறுநாள் வாடை நல்லாவே புடிச்சிடுச்சு. சேலோ அடுக்களையில தெருப் பொம்பளைங்க பூரா மேசையச் சுத்தி, கரண்டி முதுகால மட்டையில மாவு தடவிக்கிட்டு, ரேடியோவுல அக்கார்டியன் பாட்டு, ஜன்னல் பூரா ஆவி. யாரும் கோவப்படல. பயந்திருந்தாங்க, ஆனா பயத்துக்குத் தமாலே ஒண்ணும் ஆவாது. நயெலிய விசாரணை நடக்குற வீட்டுல இருக்கக் கூடாதுன்னு டயர் கடைக்கு அனுப்பியாச்சு.

மிஸஸ் டில்லரி மூக்கு செவக்க உள்ள வந்தா. அவ வந்ததும் வெந்தது ஒரு தட்டுல போயி அவ முன்னாடி நின்னுச்சு.

"மன்னிக்கவும். பணியின்போது எதையும் பெற்றுக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை."

வீட்டுக்கு வந்தவ சாப்பிடலேன்னா என்ன அர்த்தம்? சேலோ ஒரு கரண்டியும் ஈரமட்டையும் எடுத்து அந்தம்மா கையில வச்சா.

"வாங்கக் கூடாதுன்னுதானே சட்டம்? குடுக்கக் கூடாதுன்னு இல்லையே. நீங்க எங்களுக்கு ரெண்டு தடவிக் குடுங்க. டான் பெனிதோ கையக் கழுவிட்டு வர்ற வரைக்கும்."

அந்தம்மா கரண்டியப் பாத்தா, மட்டையப் பாத்தா, கோட்டக் கழட்டி நாக்காலியில மாட்டினா. தடவினா. செங்கல் மாதிரி தடிமனா.

"அம்மாடி, அது தமாலே, சமாதி இல்ல"ன்னா பெத்ரா. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா உதட்டோரத்துல என்னமோ லேசா அசைஞ்சுச்சு.

விசாரணை படுக்கையறையில. கதவு கெடையாது, பூப்போட்ட திரைதான். மொதல்ல சேலோதான் எந்திரிச்சா. மாவுக் கைய மார்போட சேத்து வச்சுக்கிட்டு, "அம்மா, அவ என் பொண்ணு. இந்த வீட்டுலதான் பொறந்தா, இங்கதான் இருக்கா. நேத்து நான் இல்லேன்னு சொன்னது…"

"தங்கள் நிலை எனக்குப் புரிகிறது, அம்மா. ஆயினும் உறவினரின் சாட்சியத்துக்கு மதிப்பு குறைவு. அயலாரே முக்கியம்."

சேலோ உக்காந்துட்டா. பெத்தவ வார்த்தை செல்லாது. தெருதான் செல்லும். அவ மகளோட வாழ்க்கை இப்ப ஒரு டயர்க்காரன் வாயிலயும் பெத்ரா வாயிலயும் தொங்குது.

பெனிதோ பூராவும் சொல்லிட்டாரு. திரைக்கு இந்தப் பக்கம் கரண்டிங்க மெதுவா நகர்ந்துச்சு, எல்லார் காதும் அங்க.

"நல்ல பொண்ணுதாங்க. குத்தம்னா, வண்டிய ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. ஒரு தடவ என் டயர் அடுக்கு மொத்தத்தையும் சாய்ச்சிட்டா. நான் அப்ப மெக்சிகோ பக்கம் போயிருந்தேன், ஒருத்தரும் பாக்கல. ஓடியிருக்கலாம். ஓடல. எல்லாத்தையும் திரும்ப அடுக்கி, நான் வந்ததும் வந்து சொன்னா. அடுக்கினது தப்பு, சைஸ் மாத்தி மாத்தி. ஒரு வாரம் எனக்கு வேலை வச்சா. அதையும் எழுதிக்கோங்க."

அடுத்து பெத்ரா. உள்ள போகும்போது சிலுவை போட்டுக்கிட்டா, இந்தத் தடவ நெசமாவே.

"தாங்கள் நேற்று இப்பெண் மரணமடைந்ததாக உரைத்தீர்கள்."

"உரைச்சேன்."

"இன்று அவர் உயிருடன் இருப்பதாக உரைக்கிறீர்கள்."

"டயர் கடையில நிக்கிறா, வேணும்னா கிள்ளிப் பாருங்க."

"அம்மா, நேற்று என் கண்ணைப் பார்த்து, கண்ணீருடன் பொய் சொன்னீர்கள். இன்று இவரை நம்பலாம் என்று தாங்கள் சொன்னால், அதை நான் எவ்வாறு நம்புவது?"

அடுக்களையில ஒரு கரண்டியும் அசையல. பானைக்குள்ள காசு மட்டும் கடகடன்னுச்சு. சேலோ கண்ண மூடிக்கிட்டா. கேள்வி நியாயமான கேள்வி, அதான் கொடுமை.

பெத்ரா கொரல், மெதுவா: "உங்களுக்கு என்ன தெரியணும்? அவ ரகசியம் காப்பாளா மாட்டாளா, அதானே?"

"ஆம்."

"என் தலையப் பாருங்க. எத்தன நரை தெரியுது?"

"ஒன்றுகூட இல்லை."

"எங்க பரம்பரை ரத்தம், எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு நரைக்காதுன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். போன மாசம்கூட, அதோ அடுக்களையில இருக்காளே ஹெர்லிந்தா, அவ தலையப் பாத்து, வருத்தப்படாத, எல்லாருக்கும் இந்த ரத்தம் வாய்க்காதுன்னேன்." கொரல் ஒசந்துச்சு. மெதுவாப் பேச நெனச்சாலும் பெத்ராவுக்கு அது வராது. "பொய்! அம்புட்டும் பொய்! பூரா வெள்ளை, பஞ்சு மாதிரி. அந்தப் பொண்ணு சின்னப் பிள்ளையா இருந்த காலத்துலேருந்து மாசாமாசம் கொல்லை வழியா வந்து எனக்குச் சாயம் பூசி விடுறா. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பெத்த அம்மாவுக்கே தெரியாது. சேலோ! உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாது!"ன்னு சேலோ அடுக்களையிலேருந்து கத்தினா. சத்தியமாத் தெரியாது. மாசாமாசம் ஞானம்மாகூட ஜெபமாலை சொல்லப் போறேன்னுதான் அவ சொல்லிட்டுப் போவா. என்ன பக்தியான பொண்ணுன்னு இவ சாமியார்கிட்டயே பெருமையடிச்சிருக்கா.

"பாத்தீங்களா?"ன்னா பெத்ரா. "இந்தத் தெருவுல ஒருத்தி தும்மினா அடுத்த தெருவுல தைலம் தேய்ப்பாங்க. இங்கேயே இத்தன வருஷம் காப்பாத்தினவ, உங்க ரகசியத்தையா விட்டுடப் போறா?"

மேசையில எல்லாரும் ஹெர்லிந்தாவப் பாத்தாங்க. ஹெர்லிந்தா கரண்டியக் கீழ வச்சா. நரைச்ச தலைய மெதுவாத் தடவினா. ஒதடு துடிச்சுச்சு. அப்புறம் வெடிச்சுச்சு பாருங்க ஒரு சிரிப்பு, அவ சிரிக்க, பக்கத்துல இருந்தவ சிரிக்க, மேசையே ஆடுச்சு. சேலோவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒண்ணா வந்து மாவுக் கையாலயே மொகத்தத் தொடச்சு மொகமெல்லாம் சோளமாவு.

சிரிப்பு அடங்குன நேரத்துல, திரைக்கு அந்தப் பக்கம் மிஸஸ் டில்லரி கொரல் கேட்டுச்சு. புஸ்தக பாஷையெல்லாம் எங்கயோ போயிடுச்சு.

"என்ன சாயம் அது?"

"அது எனக்குத் தெரியாது. அவதான் வாங்கிட்டு வருவா. கேட்டுப் பாருங்க. சொல்ல மாட்டா."

அந்தம்மா வெளிய வந்தப்போ மொகம் பழையபடி கோட்டு மாதிரி விறைப்பாத்தான் இருந்துச்சு. முடிவு தன் கையில இல்ல, மேல இருக்குறவங்கதான் பாப்பாங்கன்னு சொல்லி, நன்றி சொன்னா. சேலோ கூடவே வாசல் வரைக்கும் போனா. டயர் கடை ஓரமா நயெலி கைய இறுக்கிக் கட்டிக்கிட்டு, காத்துல முடி பறக்க நின்னா. அந்தம்மா கார் கதவுல கைய வச்சு அவள மேலேருந்து கீழ ஒரு பார்வை பாத்தா.

"தாங்கள் உயிருடன் இருப்பதைக் காண மிக்க மகிழ்ச்சி"ன்னுட்டு ஏறிப் போயிட்டா.

அன்னிக்குப் பானையில ஒரு தமாலேகூட பச்சையா இல்ல. அந்தம்மா தடவுன ரெண்டையும் பெனிதோ சாப்பிட்டாரு. மாவு ஜாஸ்திதான், ஆனா அரசாங்கத்து மாவுன்னாரு.

பதில் வர ஈஸ்டர் தாண்டிடுச்சு. சாயென்ஸ் வாத்தியாரே வண்டிய எடுத்துக்கிட்டு வந்து தெருவுல ஹார்ன் அடிச்சாரு. கோட்டு போடல, அதனால எல்லாரும் ஓடி வந்தாங்க. அந்தக் காலேஜ்லேருந்து அந்த எடத்துக்குப் போற மொத பொண்ணு நயெலி. வர்ற வருஷம் ஸ்காலர்ஷிப்புக்குக் கேக்க இந்தத் தெருவுலயே நாலஞ்சு பிள்ளைங்க இப்பவே அவ பின்னாடி சுத்துதுங்க.

கெளம்புறதுக்கு மொத நாளு பெத்ரா நாக்காலியத் தூக்கிட்டு வந்து நடுத்தெருவுல போட்டா. கொல்லையில இல்ல, நடுத்தெருவுல, பட்டப்பகல்ல. கழுத்துல பழைய துண்டு, தலை பாதி பஞ்சு, பாதி கருப்பு. நயெலி கையுறை மாட்டிக்கிட்டு பிரஷ்ஷால பூசுறா. ஹெர்லிந்தா பக்கத்துல ரெண்டாவது நாக்காலியில, அடுத்து அவதானாம். பெனிதோ கடை ரேடியோவ சத்தமா வச்சிருக்காரு. சேலோ வெட்டுன தர்பூசணியில உப்பும் மொளகாத்தூளும் போட்டுத் தட்டுல கொண்டு வந்தா. மக பக்கத்துல நின்னா. நாளைக்கு இந்த நேரம் மக வீட்டுல இருக்க மாட்டா.

"மிஹா," காதோரமா மெதுவாக் கேட்டா. "அம்மாகிட்ட மட்டும் சொல்லு. அங்க போயி அப்படி என்னதான் வேலை?"

நயெலி பிரஷ் நின்னுச்சு. ஒதட்டக் கடிச்சுக்கிட்டு அம்மாவப் பாத்துச் சிரிச்சா. சொல்லிடுவா போலத்தான் இருந்துச்சு.

பெத்ரா கண்ணத் தொறக்காமலே வெரல ஒசத்தினா.

"வாயத் தொறந்த, தொலைச்சிடுவேன். என் முடிய அடமானம் வச்சு உனக்குச் சாட்சி சொல்லியிருக்கேன்டி."